கால் வீக்கம்... சிறுநீரகம், கல்லீரல் இரண்டும் நார்மல்... அப்படியானால் புரதம் எங்கே போகிறது?

காலையில் எழுந்ததும் குழந்தையின் கண் இமைகள் ஊதியிருக்கின்றன. மதியத்துக்குள் வடிந்துவிடுகின்றன. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து சாக்ஸைக் கழற்றினால், கணுக்காலில் அதன் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, அந்தக் குழி நிரம்ப நேரமாகிறது. `காலில் நீர் கோத்திருக்கு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியான கணிப்பு. ஏன் கோத்தது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

``தோஷம் தட்டியிருக்கும், போய் மந்திரிச்சுட்டு வா'' என்பார் பாட்டி. ``ஏம்மா, புள்ளைக்கு வேளா வேளைக்கு ஊட்டுறியா, இல்லை போனைக் கொடுத்து உட்கார வெச்சுடுறியா?'' என்று மருமகளைக் கேட்பார் மாமியார். டாக்டரிடம் போனால் முதலில் சிறுநீரைப் பரிசோதிப்பார். புரதம் போகவில்லை. கல்லீரலைப் பார்ப்பார். அதிலும் பிரச்னை தெரியவில்லை. ஆனால், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் மட்டும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 2 கிராமையொட்டி நிற்கிறது. `புரதம் கம்மியா இருக்கு, முட்டை, பருப்பு நிறைய கொடுங்க' என்ற ஒரு வரியோடு அந்தக் குடும்பம் வீடு திரும்புகிறது. மூன்று மாதம் முட்டையும் புரோட்டீன் பவுடருமாகக் கொடுத்த பிறகும் அந்த எண் நகராவிட்டால், பழி முழுக்க அம்மாவின் தலையில்தான் விழுகிறது.

பல வீடுகளில் நடக்கும் கதை இது. இந்த இடத்தில் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: `உள்ளே போன புரதம் குடல் வழியாகவே ஒழுகிப்போகிறதா?' இதற்குப் பதில் சொல்ல ஒரு பரிசோதனை இருக்கிறது. ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. வேண்டியதெல்லாம் ஒரு டப்பா மலம்.

ஓட்டைக் குடமும் முட்டையும்

ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். பெரியவர்களின் உடலில் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை உருவாகிறது. ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது இதன் முக்கியமான வேலை. ஆல்புமின் குறைந்தால் தண்ணீர் குழாயைவிட்டுக் கசிந்து காலிலும் இமையிலும் சேரும். அளவு மிஞ்சினால் வயிற்றிலும் சேரும். மகோதரம் என்று அந்தக் காலத்தில் சொன்னார்களே, அந்த வயிற்று வீக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆரோக்கியமாக இருப்பவர்களின் குடலிலும் தினமும் கொஞ்சம் ஆல்புமின் கசியத்தான் செய்கிறது. அதனால் நஷ்டம் பெரிதாக இல்லை. குடலில் இறங்கிய ஆல்புமினை, சாப்பிட்ட பருப்பைச் செரிப்பதுபோலவே செரிமான என்சைம்கள் அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். குடல் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கல்லீரல் மறுபடி ஆல்புமின் செய்துகொள்ளும்.

கசிவு பெருக்கெடுத்தால்தான் கணக்கு உதைக்கிறது. நோய் தீவிரமாக இருப்பவர்களுக்கு, உடலில் இருக்கும் மொத்த ஆல்புமினில் 60 சதவிகிதம் வரைகூட ஒரே நாளில் குடலுக்குள் இறங்கிவிடலாம். கல்லீரல் எவ்வளவுதான் முக்கினாலும் தன் வழக்கமான உற்பத்தியை ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் கூட்ட முடியும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊற்றினாலும் ஓட்டை பெரிதாக இருந்தால் குடம் நிறையாது. முட்டை கொடுப்பது தப்பில்லை. இந்த நோயில் புரதம் அதிகமாகவே தேவைப்படும். ஆனால், ஓட்டையைத் தேடாமல் முட்டையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் மாதங்கள் வீணாகும். வளரும் குழந்தைக்கு மூன்று மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

குடல் வழிப் புரத இழப்பு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இது தனி நோயல்ல, பல நோய்களின் விளைவு. `வயிற்றுப்போக்கு இருந்தால்தானே குடல் நோய்?' என்ற நம்பிக்கைதான் இதில் பலரை ஏமாற்றுகிறது. வயிற்றுப்போக்கே இல்லாமல், வீக்கம் மட்டும் முதல் அறிகுறியாக வருபவர்களும் இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் அடுத்த வரியையும் பாருங்கள்

`லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின் என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து இருக்கும். எல்லோருடைய கண்ணும் ஆல்புமினிலேயே நின்றுவிடும். சூட்சுமம் அடுத்த வரியில் இருக்கிறது.

கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு ஆல்புமின் குறையும். குளோபுலின் பெரும்பாலும் ஏறியிருக்கும். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமில் சிறுநீரிலேயே அது தெரிந்துவிடும், கொலஸ்ட்ராலும் எகிறியிருக்கும். குடல் ஒழுகலில் நடப்பது வேறு. சிறுநீரக வடிகட்டி புரதத்தின் அளவைப் பார்த்து வெளியே விடும். குடலில் ஒழுகும்போது அப்படிப்பட்ட பாகுபாடு கிடையாது. சின்னது, பெரியது என்று எல்லாப் புரதமும் போகும். அதனால் ஆல்புமினோடு சேர்ந்து குளோபுலினும் குறையும். நோய் எதிர்ப்புக்கான ஐஜிஜி இந்தக் குளோபுலின் கூட்டத்தில்தான் இருக்கிறது. நிணநீர் ஒழுகினால் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களும் கூடவே போய்விடும்.

ஆல்புமின் குறைவு, குளோபுலின் குறைவு, சிறுநீர் சுத்தம், கல்லீரல் நலம். இந்த நான்கும் ஒரே ரிப்போர்ட்டில் வந்தால் அடுத்த சந்தேகம் குடல்மீதுதான் விழ வேண்டும். அதற்காக ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். `டாக்டர், குளோபுலினும் குறைஞ்சிருக்கே, குடல் வழியா போகுதான்னு பார்க்கணுமா?' என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியை எந்த டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

செரிக்காத சாட்சி

குடலில் ஆல்புமின் ஒழுகுகிறது என்றால் மலத்தில் ஆல்புமினை அளந்துவிட வேண்டியதுதானே? கேட்கச் சுலபம். ஆனால், ஒழுகிய ஆல்புமின் மலம்வரை வந்து சேராது. வழியிலேயே செரிமான என்சைம்கள் அதை உடைத்துவிடும். மிச்சமிருப்பதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். திருடு நடந்த வீட்டில் தடயமே இல்லாத நிலை.

1950-களின் இறுதியில் ஆய்வாளர்கள் இதற்குக் கதிரியக்கத்தை நாடினார்கள். 1957-ல் சிட்ரின் குழுவினர், கதிரியக்க அயோடின் ஏற்றிய ஆல்புமினைப் பயன்படுத்தி, ஓர் இரைப்பை நோயாளிக்கு உள்ளேயே புரதம் ஒழுகுவதைக் காட்டினார்கள். 1959-ல் கார்டன் என்பவர், குடலால் செரிக்க முடியாத பிவிபி என்ற செயற்கைப் பொருளைக் கதிரியக்கமாக்கி ஊசி மூலம் செலுத்தி, அது மலத்தில் வருகிறதா என்று பார்த்தார். 1961-ல் அமெரிக்காவின் தாமஸ் வால்ட்மேன், குரோமியம்-51 ஏற்றிய ஆல்புமினைக் கொண்டு இன்னும் துல்லியமாகச் செய்தார். சோதனை நன்றாகவே வேலை செய்தது. ஆனால், கதிரியக்க மருந்தை உடலில் செலுத்தி, நான்கைந்து நாள் மலத்தைச் சிறுநீர் கலக்காமல் மொத்தமாகச் சேகரிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

விடை ரத்தத்துக்குள்ளேயே இருந்தது. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்பது கல்லீரல் செய்யும் இன்னொரு புரதம். ஆல்புமினைவிடக் கொஞ்சம் சிறியது. பெயரிலேயே இருப்பதுபோல, டிரிப்சின் போன்ற புரதம் உடைக்கும் என்சைம்களின் கையைக் கட்டிப்போடுவதுதான் இதன் தொழில். இந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக இருந்தால் இளம் வயதில் நுரையீரல் கெடும் என்று 1963-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டறிந்தபோது இது பிரபலமானது. குடல் நோயைத் தேடியவர்களுக்கு இதன் வேறொரு குணம் பயன்பட்டது. என்சைமையே கட்டிப்போடும் புரதம், குடலுக்குள் ஒழுகினாலும் அவ்வளவு சீக்கிரம் செரிக்காது. பெருமளவு உருக்குலையாமல் மலத்தோடு வெளியே வந்துவிடும். சாப்பாட்டின் மூலமும் இது உள்ளே போவதில்லை. எனவே, மலத்தில் இது அதிகமாக இருந்தால், ரத்தத்திலிருந்து ஒழுகியது என்றுதான் பொருள். இது ஒழுகும் ஓட்டையில் ஆல்புமினும் ஒழுகும்.

1977-ல் கிராஸ்லி, எலியட் என்ற இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த எளிய முறையை வெளியிட்டார்கள். கதிரியக்கமும் ஊசியும் தேவைப்படவில்லை. இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுவது இதுதான்.

ஒரு சின்னத் தகவல்: வளர்ப்பு நாய்களுக்கும் இந்த நோய் வரும். யார்க்‌ஷைர் டெரியர், ராட்வைலர் போன்ற இனங்களில் அதிகம். இதே புரதத்தின் நாய் வடிவத்தை அளக்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது. அதற்கு மூன்று வெவ்வேறு தடவை போன மலத்தைக் கொடுக்க வேண்டும். மனிதர்களுக்கான கிட் அங்கே உதவாது.

டப்பாவை வாங்கியாயிற்று, அப்புறம்?

ரத்தம் என்றால் தயங்காமல் கையை நீட்டுபவர்கள்கூட, மலம் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். கூச்சத்தில் அவசர அவசரமாக எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டு வருவதால்தான் இந்தப் பரிசோதனை பாதி இடங்களில் பாழாகிறது.

இது இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. ஒன்று, ஒரே ஒரு தடவை போகும் மலத்தில் கொஞ்சம் எடுத்து அளப்பது. குழந்தைகளுக்கு இதுதான் சுலபம் என்பதால் முதலில் இதையே கேட்பார்கள். இன்னொன்று, 24 மணி நேரத்தில் போகும் மொத்த மலத்தையும் சேகரித்து, அதே நாளில் ரத்தமும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது. சிரமம்தான், ஆனால் நம்பகம் அதிகம். ஒரு தடவை போவது தண்ணியாக இருக்கும், இன்னொரு தடவை கெட்டியாக இருக்கும். ஒற்றைச் சாம்பிளில் அந்த ஏற்ற இறக்கம் கணக்கைக் குழப்பலாம்.

24 மணி நேரச் சேகரிப்பில் எல்லோரும் தடுமாறுவது தொடக்கத்தில். காலை 7 மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை போனதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 7 மணிக்குப் பிறகு மறுநாள் காலை 7 மணி வரை போவது அத்தனையும் டப்பாவுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு தடவை மறந்து ஃப்ளஷ் செய்துவிட்டால் லேபில் உண்மையைச் சொல்லி அடுத்த நாள் மறுபடி தொடங்குவதே நல்லது. டப்பாவை மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். `ஃப்ரிட்ஜிலா?' என்று வீட்டில் கலவரம் வரும். இரண்டு கவர் போட்டுக் கட்டி, தனி டப்பாவில் கீழ்த்தட்டில் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் போட்டு வைக்கலாமா என்று லேபில் கேட்டுக்கொள்ளலாம்.

சிறுநீரோ, டாய்லெட் தண்ணீரோ கலக்கக் கூடாது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, பிறகு தனியாக மலம் கழிக்கச் சொல்ல வேண்டும். இந்திய டாய்லெட்டில் ஒரு பேப்பர் தட்டை வைத்துப் பிடிப்பது எளிது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் இருக்கைக்குக் கீழே சுத்தமான பாலித்தீன் தாளைத் தொய்வாக விரித்துக்கொள்ளலாம். டயப்பர் போடும் குழந்தைக்கு டயப்பரின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தால், மலத்தின் நீரை டயப்பர் உறிஞ்சாது. குழந்தைகளிடம் சிறுநீர் கலக்காமல் பிடிப்பது சாமர்த்தியத்தைவிடப் பொறுமையைக் கேட்கும் வேலை.

வழக்கமான `மோஷன் டெஸ்ட்'டில் இது வராது. அதில் புழு முட்டை, அமீபா, ரத்தம் போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். அது நார்மல் என்று வந்ததால் குடல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. கால்புரொடெக்டின் என்று இன்னொரு மலப் பரிசோதனை இருக்கிறது. குடலில் அழற்சி இருக்கிறதா என்று அது சொல்லும், புரதம் ஒழுகுகிறதா என்று சொல்லாது. எனவே, சீட்டில் டாக்டர் எழுதிய பெயரை லேபில் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். எல்லா ஊர் லேபிலும் இதைச் செய்ய மாட்டார்கள். சாம்பிளை வாங்கிப் பெருநகரத்துக்கு அனுப்பலாம். எந்த டப்பா, எத்தனை மணி நேரத்துக்குள், எவ்வளவு குளிரில் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டில் `கிளியரன்ஸ்' என்று ஓர் எண் வரும். நாள் முழுக்கச் சேர்ந்த மலத்தின் அளவை, மலத்திலுள்ள ஆன்டிட்ரிப்சின் செறிவால் பெருக்கி, ரத்தத்திலுள்ள செறிவால் வகுத்தால் கிடைப்பது அது. மலம் 200 மி.லி., அதில் மில்லிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம், ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்றால், விடை 120 மி.லி. அதாவது, அந்த ஒரு நாளில் 120 மி.லி. பிளாஸ்மாவில் இருக்கக்கூடிய புரதம் குடலுக்குள் கொட்டியிருக்கிறது. பொதுவாக, வயிற்றுப்போக்கு இல்லாதவர்களுக்கு 27 மி.லி.க்கு மேலும், வயிற்றுப்போக்கு இருப்பவர்களுக்கு 56 மி.லி.க்கு மேலும் போனால் ஒழுகல் இருப்பதாகக் கொள்கிறார்கள். லேபுக்கு லேப் எல்லை மாறும் என்பதால் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சாட்சியும் சில இடங்களில் பிறழும். இரைப்பையின் அமிலம் கடுமையாக இருந்தால் இந்தப் புரதம் சிதைந்துவிடும். அதனால் ஒழுகல் இரைப்பையிலேயே நடந்தால் மலத்தில் தெரியாமல் போகலாம். அந்தச் சந்தேகம் இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்து மறுபடி பரிசோதிப்பார்கள். குடலில் ரத்தக்கசிவு இருந்தால் அந்த ரத்தத்தோடு வரும் புரதமும் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். பிறந்த குழந்தையின் முதல் கறுப்பு மலத்தில் இயல்பாகவே இது அதிகம் என்பதால் பிறந்த முதல் வாரத்தில் இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது. பிறவியிலேயே ஆன்டிட்ரிப்சின் குறைவாக உள்ளவர்களுக்கு எண் ஏமாற்றும்.

குடலில் தேடினால் இதயத்தில் கிடைக்கும்

ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டது. எதனால், எங்கே? அதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அங்கிருந்துதான் டாக்டரின் துப்பறியும் வேலை தொடங்குகிறது. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, சதைத் துணுக்கு, ஸ்கேன் என்று போகும். கைக்குழந்தையென்றால் பசும்பால் ஒவ்வாமை. பால், பால்பவுடரை டாக்டர் சொன்னபடி நிறுத்தினாலே சரியாகிவிடும் என்பதால், இருப்பதிலேயே நிம்மதியான காரணம் இது. கோதுமையால் வரும் சீலியாக் நோய், குடல் புழுக்கள், லூபஸ், குரோன்ஸ் நோய், குடல் காசநோய், நிணநீர்ப் புற்றுநோய் என்று மற்றவை. குரோன்ஸும் குடல் காசநோயும் பார்க்க ஒன்றுபோலவே இருந்து டாக்டர்களையே திணறவைப்பவை. இரண்டின் சிகிச்சையும் நேர் எதிர் என்பதால் அங்கே அவசரப்பட முடியாது.

ஆச்சர்யமான காரணம் இதயம். குடல் உறிஞ்சும் கொழுப்பையும் திசுக்களில் கசியும் புரதத்தையும் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய்கள் கடைசியில் கழுத்தோரம் ஒரு பெரிய சிரையில் போய்ச் சேர்கின்றன. அந்தச் சிரையில் அழுத்தம் அதிகமானால் நிணநீர் வடிய வழியில்லாமல் பின்னோக்கித் தேங்கும். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால் தெருச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வருமே, அதேபோல. குடலின் நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் வீங்கி உடைந்து, புரதமும் கொழுப்பும் லிம்போசைட்டுமாகக் குடலுக்குள் கொட்டும். காசநோயால் இதய உறை தடித்து இறுகிப்போனவர்களுக்கு இப்படி நடக்கும். அறுவை சிகிச்சையில் அந்த உறையை அகற்றினால் குடல் ஒழுகல் நின்றுவிடுவதுண்டு. குடலுக்கு எந்த வைத்தியமும் செய்யாமலே!

பிரான்ஸின் போர்டோ நகர அறுவை சிகிச்சை நிபுணர் ஃபிரான்சிஸ் ஃபான்டன் 1968-ல் முதன்முதலாகச் செய்து 1971-ல் வெளியிட்ட ஓர் அறுவை சிகிச்சை, ஒற்றை வென்ட்ரிக்கிள் இதயத்தோடு பிறக்கும் குழந்தைகளின் உயிரைக் காக்கிறது. அசுத்த ரத்தத்தை இதயத்தின் உந்துதல் இல்லாமலே நேராக நுரையீரலுக்கு அனுப்பும் முறை அது. விலை, சிரைகளில் காலம் முழுக்கக் கூடுதல் அழுத்தம். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 5 முதல் 12 பேர் வரை, பல வருடங்கள் கழித்துக்கூட, குடல் வழிப் புரத இழப்புக்கு ஆளாகிறார்கள். அந்தப் பெற்றோர்களைப் பொறுத்தவரை, சாக்ஸ் தடம் என்பது சாதாரண விஷயமில்லை. குழந்தைக்கு `ஃபான்டன்' செய்திருக்கிறது என்ற விவரத்தை, கால் வீக்கத்துக்குப் பார்க்கும் புது டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிட வேண்டும்.

இதயம் நன்றாக இருந்தும், நிணநீர்க் குழாய்களே பிறவியில் கோளாறாக அமைந்து வீங்கியிருக்கும் நோயும் உண்டு. குரோமியம் சோதனை செய்த அதே வால்ட்மேன் 1961-ல் இதையும் விவரித்தார். இப்படிப்பட்ட சில குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்து, சிடி55 என்ற மரபணுக் கோளாறால் வரும் `சேப்பிள்' நோயை 2017-ல் அடையாளம் கண்டார்கள். துருக்கியின் மர்மரா பல்கலைக்கழக டாக்டர் அஹ்மத் ஓசனும் அமெரிக்காவின் மைக்கேல் லெனார்டோவும் அதில் முக்கியமானவர்கள். உடலின் காம்ப்ளிமென்ட் எனும் எதிர்ப்புப் படை தன் குடல் நாளங்களையே தாக்கும் நோய் இது. சிறுவயதிலேயே கடும் புரத இழப்பு, ரத்தக்கட்டு, உயிராபத்து. பொசெலிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், ஆய்வில் இருந்த 10 பேருக்கும் 12 வாரத்துக்குள் ஆல்புமின் இயல்பு நிலைக்கு வந்தது. 2023 ஆகஸ்ட்டில் அமெரிக்க எஃப்டிஏ அதை அங்கீகரித்தது. மிக அரிதான நோய்தான். ஆனால், அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் வரும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்த வீடுகளில் அண்ணன், தங்கை இருவருக்குமே வீக்கம் என்றால், அந்த விவரத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

தேங்காய் எண்ணெய் போதாதா?

நிணநீர் ஒழுகல்தான் காரணம் என்று உறுதியானால் சாப்பாட்டிலேயே பெரிய மாற்றம் வரும். புரதம் நிறைய, வழக்கமான எண்ணெய், நெய் மிகக் குறைவு. சாதாரணக் கொழுப்பு நிணநீர் வழியாகப் போகும். அந்தக் குழாய்கள் அதனால் மேலும் வீங்கி மேலும் ஒழுகும். ஈடுகட்ட எம்சிடி எண்ணெய் சேர்ப்பார்கள். அதன் கொழுப்பு நிணநீரைத் தொடாமல் நேராக ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகும்.

`எம்சிடி தேங்காய் எண்ணெயில இருக்குன்னு சொல்றாங்களே, அதையே ஊத்திக்கலாமா?' என்று தோன்றும். கூடாது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதில் கணிசமான பங்கு நிணநீர் வழியாகத்தான் போகிறது. மருத்துவத்துக்கான எம்சிடி எண்ணெய் வேறு. அதிலும் தாளிக்கக் கூடாது. அதிகச் சூட்டில் சீக்கிரம் புகையும். சாதத்திலோ பருப்பிலோ கலந்துகொள்வது வழக்கம். இரவோடிரவாக எண்ணெயை நிறுத்துவதும் சரியில்லை. கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் குறையும், கால்சியம் இறங்கிக் கை கால் இழுத்துப் பிடிக்கும். டயட்டீஷியன் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

வீக்கம் மோசமாகும்போது ஆல்புமினையே டிரிப்ஸில் ஏற்றுவார்கள். கொஞ்ச நாள் கால் வடிந்திருக்கும், பிறகு மறுபடி ஊதும். ஓட்டை அடைபடாத வரை ஏற்றியதும் ஒழுகத்தானே செய்யும்? மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது, அடங்காத காய்ச்சல் என்று எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. நோய் எதிர்ப்புப் புரதமும் ஒழுகியிருப்பதால் கிருமித்தொற்று சீக்கிரம் முற்றும். எந்தத் தடுப்பூசி போடலாம், எது கூடாது என்பதையும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

சிகிச்சை தொடங்கியதும் ரத்த ஆல்புமின் ஏறவில்லையே என்று வாராவாரம் கவலைப்படுபவர்கள் அதிகம். ஆல்புமின் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள்கள் எடுத்துக்கொள்ளும் நிதானமான புரதம், ஏறுவதும் மெதுவாகத்தான். ஒழுகல் நின்றுவிட்டதா என்பது பெரும்பாலும் மலத்தில்தான் முதலில் தெரியும். அதனால் சில வாரம் கழித்து டாக்டர் மறுபடியும் அதே டப்பாவைக் கேட்டால், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். முதல் தடவை எந்த லேபில், எந்த முறையில் எடுத்தீர்களோ, இரண்டாவதும் அங்கேயே, அதே முறையில் இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.